ஜெர்மனியின் பழைய ஊர்களைச் சுற்றும்போது எங்கே சாப்பிடுவது?

ரோத்தன்பூர்க், பாம்பெர்க், நியூரம்பெர்க் பக்கம் ஒரு வாரம் சுற்றப் போகிறோம், கூட வருபவர்களில் இருவர் சைவம், எங்கே சாப்பிடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் ஒன்பது வருடமாக நியூரம்பெர்க்கில் இருக்கிறேன். கோடை வந்தால் ஊரிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு இதே ஊர்களைச் சுற்றுவதுதான் என் விடுமுறை. அதில் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் மணியைப் பாருங்கள், கடை எது என்பதெல்லாம் அப்புறம். ஒரு செவ்வாய்க்கிழமை மாமாவையும் அத்தையையும் ரோத்தன்பூர்க் அழைத்துப் போயிருந்தேன். அங்கே கோட்டை மதில் மேலேயே கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. அதில் ஆர அமர நடந்துவிட்டு இறங்கும்போது மணி இரண்டரை. முதல் உணவகத்தில் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவதன் கதவில் 'ருஹெடாக்' என்று பலகை, அதாவது வார விடுமுறை. மூன்றாவதில் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் சமையலறை மூடியாகிவிட்டது, பியர் வேண்டுமானால் தருகிறேன் என்றார் அந்த அம்மா. மாமா சர்க்கரைக்காரர், முகம் வாடிவிட்டது. கடைசியில் ஒரு பேக்கரிக்குள் நுழைந்து, சீஸ் உருக்கி ஊற்றிய பன்னும் வெண்ணெய் தடவிய ப்ரெட்சலும் வாங்கி வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "இதையே முதல்ல வாங்கியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார் அத்தை.

சின்ன ஊர்களில் பெரும்பாலும் பகல் பதினொன்றரையிலிருந்து இரண்டு வரைதான் சமையல், மறுபடி மாலை ஐந்தரை, ஆறுக்குத்தான் அடுப்பு எரியும். இரவு ஒன்பதுக்கு மேல் போய் நின்றால் பல இடங்களில் எதுவும் கிடைக்காது. வார விடுமுறை அநேகமாகத் திங்கள் அல்லது செவ்வாய். ஞாயிற்றுக்கிழமை உணவகங்கள் இருக்கும், சூப்பர் மார்க்கெட் இருக்காது. தண்ணீர், பழம் வாங்குவதைச் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள். மறந்துபோனால் பெரிய ரயில் நிலையத்துக் கடைதான் கதி.

இடம் என்று பார்த்தால், சந்தைச் சதுக்கத்தில் நாலு மொழியில் படம் போட்ட மெனு வைத்திருக்கும் கடைகளில் நீங்கள் பாதிக் காசு கொடுப்பது எதிரே தெரியும் காட்சிக்கு. அங்கே காபி குடியுங்கள், தப்பில்லை. சாப்பாட்டுக்கு இரண்டு சந்து தள்ளிப் போங்கள். வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் 'மிட்டாக்ஸ்டிஷ்' என்று எழுதியிருந்தால் அது வேலை நாட்களின் மதியச் சாப்பாடு. உள்ளூர் அலுவலக ஆட்கள் சாப்பிடுவது, விலையும் குறைவு. வழி தெரியாத ஊரென்றால் 'ராட்ஸ்கெல்லர்' எங்கே என்று கேளுங்கள். நகர மன்றக் கட்டடத்துக்கு அடியில் பழைய நிலவறையில் இருக்கும் உணவகம் அது. பிரேமனில் இருப்பது 1405-லிருந்து நடக்கிறது. எல்லா ஊர் ராட்ஸ்கெல்லரும் அப்படிப் பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மோசம் போக மாட்டீர்கள். 'ஷ்டாம்டிஷ்' என்று சின்னப் பலகை வைத்த மேசையில் மட்டும் உட்காராதீர்கள். காலியாக இருந்தாலும் அது வாடிக்கைக்காரர்களின் இடம்.

இனி சைவம். கேஸ்ஷ்பெட்ஸ்லே என்றொரு பண்டம். இடியாப்பத்தைத் தடியாகப் பிழிந்து துண்டு துண்டாக்கியது போன்ற முட்டை மாவு நூடுல்ஸ், நடுநடுவே சீஸ், மேலே பொன்னிறமாக வறுத்த வெங்காயம். ஒரு தட்டு இரண்டு பேருக்குப் போதும், மிளகுத்தூளை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ரொட்டியில் பிடித்த கொழுக்கட்டையைக் காளான் கிரேவியோடு தருவார்கள், அது அதைவிட எனக்குப் பிடிக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் 24 வரை போனீர்களானால் எங்கே பார்த்தாலும் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுதான். 'ஷ்பார்கல்' என்பார்கள், உருக்கிய வெண்ணெயும் உருளைக்கிழங்கும் தொட்டுக்கொள்ள. ஜூன் 24-க்குப் பிறகு அறுவடை நிறுத்திவிடுவார்கள், வேர் அடுத்த வருடத்துக்குத் தேற வேண்டும் என்று.

ஆனால் எச்சரிக்கை. வறுத்த உருளைக்கிழங்கில் பன்றிக்கொழுப்புத் துண்டு கிடக்கும். இந்தப் பக்கத்து உருளைக்கிழங்கு சாலட்டில் இறைச்சி வேகவைத்த சாறு ஊற்றுவது வழக்கம். சிவப்பு முட்டைக்கோஸிலும் கொழுப்பு இருக்கலாம். "இறைச்சி இல்லாமல்" என்று கேட்டபோது ஒருவர் எனக்குத் தெளிவாகத் தலையாட்டிவிட்டு, கொழுப்புத் துண்டு தூவிய தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் கணக்கில் அது இறைச்சி இல்லை! 'வெகெட்டாரிஷ்' என்ற சொல்லையே சொல்லுங்கள், 'ஓனே ஷ்பெக்', அதாவது பன்றிக்கொழுப்புத் துண்டு இல்லாமல், என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அசைவக்காரர்களுக்கு ஊருக்கு ஒன்று இருக்கிறது. நியூரம்பெர்க் சாசேஜ் விரல் நீளம்தான், ஏழிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர். இரவில் கடை சாத்திய பிறகு சாவித்துவாரம் வழியாக விற்பதற்காகச் சின்னதாகச் செய்தார்கள் என்று கதை சொல்வார்கள், நம்புவது உங்கள் இஷ்டம். பழைய கடைகளில் பீச் மரக் கட்டையில் சுட்டு, தகரத் தட்டில் ஆறு, எட்டு, பத்து என்று எண்ணித் தருவார்கள். தெருவில் நின்றபடி சாப்பிட 'ட்ரை இம் வெக்லா', ஒரு பன்னுக்குள் மூன்று. ரேகன்ஸ்பூர்க் வரை போவதாக இருந்தால் 12-ஆம் நூற்றாண்டுக் கல் பாலத்தின் அடியில், டான்யூப் கரையில் இருக்கும் வூர்ஸ்ட்குக்ல் என்ற சின்ன சாசேஜ் கடைக்குப் போங்கள். ஆற்று வெள்ளம் எந்த வருடம் எந்த மட்டத்துக்கு வந்தது என்று சுவரில் குறித்திருப்பார்கள். சில கோடுகள் தலைக்கு மேலே!

பாம்பெர்க்கில் ஷ்லெங்கெர்லா என்ற பியர் விடுதி. மால்ட்டை, அதாவது முளைகட்டிய பார்லியை, பீச் மரப் புகையில் உலர்த்திக் காய்ச்சும் பியர், மரப் பீப்பாயிலிருந்து நேராகப் பிடித்துத் தருவார்கள். முதல் வாய் விறகடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து குடிப்பது போல இருக்கும். மூன்றாவது கோப்பையில்தான் பிடிக்கும் என்பது உள்ளூர்ப் பேச்சு, என் மைத்துனர் இரண்டாவதிலேயே கட்சி மாறிவிட்டார். குடிக்காதவர்கள் அந்த ஊர் வெங்காயத்தைக் கேளுங்கள். பெரிய வெங்காயத்தைக் குடைந்து கொத்துக்கறி அடைத்து, அதே புகை பியர்ச் சாற்றில் மிதக்க வருவது. பியர் வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு அதுவும் ஆகாது, ஜாக்கிரதை.

வூர்ட்ஸ்பூர்க்கில் மாலையில் பழைய பாலத்தின்மேல் ஊரே ஒயின் கோப்பையோடு நிற்கும். கோப்பைக்கு முன்பணம் வாங்கிக்கொள்வார்கள், திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். யூலியுஸ்பிடால் என்பது 1576-ல் ஆயர் யூலியுஸ் எக்டர் தொடங்கிய தர்ம மருத்துவமனை. அதற்குச் சொந்தத் திராட்சைத் தோட்டமும் உணவகமும் உண்டு. உங்கள் கோப்பையைத் தர்மக்கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

ரோத்தன்பூர்க்கின் ஷ்நேபாலன் பற்றி எல்லோரும் சொல்வார்கள். மைதாப் பட்டைகளைப் பந்தாக உருட்டிப் பொரித்துச் சர்க்கரை தூவியது. சோமாஸில் பூரணத்தை எடுத்துவிட்டு மேல் மாவை மட்டும் தின்றால் எப்படியோ அப்படி. நாலு பேருக்கு ஒன்று போதும்.

தண்ணீர் கேட்டால் காசுக்கு, அதுவும் சோடா போல நுரைத்து வரும். 'ஷ்டில்' என்று சொல்லிவிடுங்கள். பில் தரும்போது சேர்த்தா, தனித்தனியா என்று கேட்பார்கள். டிப்ஸை மேசையில் வைத்துவிட்டு வர வேண்டாம். 37 யூரோ பில்லுக்கு 40 என்று சொல்லிக் கொடுத்தால் போதும். கார்டு வாங்காத கடைகள் இன்னும் இருப்பதால் கையில் ரொக்கம் இருக்கட்டும்.

திங்கள், செவ்வாயில் எந்த ஊரில் இருப்பீர்கள் என்று எழுதுங்கள். அன்றைக்குத் திறந்திருக்கும் இடமாகப் பார்த்துச் சொல்கிறேன்.