ஷாட்கட் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் 60 கல்யாணப் படங்களை ஒரு பாட்டோடு கோத்து வீடியோ ஆக்கினால், பாட்டு முடிவதற்குள் படங்கள் தீர்ந்துவிடுகிறதா?

ஒரு படத்துக்கு நாலரை வினாடி வைத்திருக்கிறீர்களே, அதை 5 ஆக்குங்கள். உங்கள் 60 கல்யாணப் படங்களும் 4 நிமிடம் 30 வினாடிப் பாட்டோடு சேர்ந்தே முடியும்.

கடைசி அரை நிமிடம் திரை கறுப்பாகக் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் டிரான்ஸிஷன்தான், அதாவது ஒரு படம் அடுத்ததோடு கலந்து மாறுவது. ஷாட்கட்டில் ஒரு படத்தின் வால்மேல் அடுத்த படத்தின் தலை ஏறித்தான் இரண்டும் கலக்கும். 60 படத்துக்கு 59 கலப்பு. ஒவ்வொன்றும் அரை வினாடி என்றால் 29.5 வினாடி போச்சு.

சந்தேகமா? இரண்டே இரண்டு படத்தைத் தனியாக அடுத்தடுத்து வைத்து, ஒன்றின்மேல் மற்றதைக் கொஞ்சம் ஏற்றி, மொத்த நீளம் குறைகிறதா என்று பாருங்கள். குறையாவிட்டால் காரணம் வேறு, இந்தக் கணக்கு பொருந்தாது.

அப்புறம், பத்துப் பதினைந்து பேர் நிற்கும் குரூப் படத்துக்கு 5 வினாடி போதவே போதாது. முகம் தேடுவதற்குள் மாறிவிடும். அதற்கு 7 கொடுங்கள். கூடும் அந்த 2 வினாடியை ஒரு மேடை அலங்காரப் படத்தில் குறைத்துக்கொள்ளலாம்.