சயனைடு உள்ள இடத்தில் மகளுக்கு வேலையா?

தங்கச் சுரங்கத்தின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலைக்கு மகள் போக விரும்புகிறாள், அங்கே சயனைடு இருக்கிறதே என்று பயப்படுகிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. 2000 ஜனவரி 30 அன்று ருமேனியாவின் பாயா மாரேயில் தங்கம் பிரித்த கழிவு நிற்கும் குளத்தின் கரை உடைந்து, சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு நீர் டிசா ஆற்றில் கலந்து மீன்களைக் கொன்றது. அப்படி இன்னொன்று நடக்காமல் காப்பதுதான் உங்கள் மகள் விரும்பும் வேலை.

அதில் எந்நேரமும் கண் இருக்க வேண்டியது பி.எச். மீது, அதாவது நீரின் அமில-கார அளவு மீது. தாதிலிருக்கும் தங்கத்தைச் சயனைடு நீரில் கரைக்கும் தொட்டியில் அதை 10.5-க்குக் குறையாமல் வைப்பார்கள். 9.3-க்கு இறங்கினாலே உலோகத்தோடு சேராத தனிச் சயனைடில் ஏறக்குறையப் பாதி ஹைட்ரஜன் சயனைடாகிவிடும். அது விஷ வாயு. காற்றில் அது 4.7 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4.7 பங்கு) ஆனதும் ஒலிக்கும் வாயுமானி இல்லாமல் உள்ளே போகக் கூடாது. வேலைக்குச் சேரும் முன் நிறுவனத்திடம் இதைக் கேளுங்கள்.

கழிவுநீரில் சயனைடை அழிக்கச் சல்பர் டை ஆக்சைடு, காற்று, வினையூக்கியாகக் கொஞ்சம் காப்பர் சல்பேட் சேர்ப்பார்கள். கணக்குப்படி 1 கிராம் சயனைடுக்கு 2.5 கிராம் சல்பர் டை ஆக்சைடு. நடைமுறையில் 3 முதல் 5 கிராம் பிடிக்கும். வினையில் அமிலம் உண்டாவதால் சுண்ணாம்புப் பால் ஊற்றி பி.எச்.சை 8.5 அருகே நிறுத்த வேண்டும். சுண்ணாம்புக் குழாய் அடைத்தால் பி.எச். சரியும். காற்று போதாவிட்டால் சல்பர் டை ஆக்சைடு என்ற மருந்தை எவ்வளவு போட்டாலும் சயனைடு இறங்காது. புதியவர்கள் மருந்தைத்தான் கூட்டுவார்கள். முதலில் கரைந்த ஆக்சிஜனை அளக்க வேண்டும். சயனைடு கந்தகத்தோடு சேர்ந்து உண்டாகும் தயோசயனேட் இந்த முறைக்கு அவ்வளவாக மசியாது, அதற்கு நுண்ணுயிர்கள் வேண்டும். அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கம் 1984-லேயே அப்படி ஒரு நிலையத்தை இயக்கியது. தாதிலிருந்து வரும் ஆர்சனிக் என்ற நஞ்சை இரும்பு உப்பு போட்டுப் படியவைப்பார்கள்.

கழிவுக் குளத்துக்குப் போகும் நீரில் மென் அமிலத்தில் பிரியும் சயனைடு லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுச் சயனைடு மேலாண்மை விதி. அங்கே பறவைகள் இறங்கிக் குடிக்கும்.

இதற்குச் சுரங்கப் பொறியியல் தேவையில்லை. பி.டெக். கெமிக்கல் படித்து, எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் சேரலாம், தன்பாத் ஐ.ஐ.டி.யில் சுற்றுச்சூழல் பொறியியலே பி.டெக்காக உண்டு. ஆனால் தங்கச் சுரங்கத்தை மட்டும் நம்ப வேண்டாம். கோலார் 2001-ல் மூடிவிட்டது. இந்தியாவில் இப்போது பெரிதாக இருப்பது ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டிதான். இதே வேதியியல் எலக்ட்ரோபிளேட்டிங் (மின்முலாம்) பட்டறைகளிலும் இருக்கிறது, அங்கும் சயனைடு உண்டு. ராணிப்பேட்டை தோல் கழிவு நிலையங்களில் குரோமியத்தைப் படியவைப்பதும் பி.எச். வேலைதான். மூன்றாம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பை இப்படி ஓரிடத்தில் செய்யச் சொல்லுங்கள். மாதிரி எடுத்தவுடன் காஸ்டிக் சோடாவால் பி.எச்.சை 12-க்கு ஏற்றி, குளிரில், இருட்டில் வைக்கக் கற்றுக்கொண்டு வரட்டும். இதைத் தவறவிட்டால் ஆய்வகத்துக்குப் போகும் முன்பே சயனைடு குறைந்து, அறிக்கை நல்லதாகத் தெரியும்.