வாசலில் நிறுத்தப்படுவது யார்?

அன்புள்ள ஐயா,

இருபது வருடங்களாகப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். புரிந்ததா இல்லையா என்பதைப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். முகத்தை மூடிக்கொண்டு ஒரு மாணவி உட்கார்ந்தால் நான் யாரைப் பார்த்துப் பேசுவது? பிரான்ஸ் துணிந்து தடை போட்டது. கர்நாடகத்தின் உடுப்பியில் அதையே செய்தபோது நீங்கள் எதிர்த்தீர்கள். பெண்ணுரிமை பேசுகிற நீங்கள் பர்தாவுக்குப் பரிந்து பேசலாமா?

ஒரு ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

உடுப்பியில் பிரச்சினையானது முகத்திரை இல்லை. 2021 இறுதியில் அங்கிருந்த அரசு பி.யூ. கல்லூரி (பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு) மாணவிகள் கேட்டது, தலையை மூடும் ஹிஜாபோடு வகுப்பில் உட்கார அனுமதி. அவர்களுடைய முகம் முழுவதும் தெரிந்தது. நீங்கள் சொல்லும் சிரமம் அங்கே எழவே இல்லை. முகத்தை மூடும் நிகாபையும் ஹிஜாபையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பித்தான் இந்த விவாதம் பாதி நடக்கிறது.

முகம் பார்த்துக் கற்பிப்பது பற்றி நீங்கள் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். நிகாப் எனக்கும் உவப்பானது இல்லை. வகுப்பறைக்குள் முகம் திறந்திருக்கட்டும் என்று ஒரு பள்ளி கேட்பது நியாயம்தான். கேரளத்தில் எம்.இ.எஸ். என்ற முஸ்லிம் கல்வி அமைப்பே 2019-இல் தன் கல்வி நிலையங்களில் முகத்தை மூடும் உடை வேண்டாம் என்று சொன்னது. சமுதாயத்துக்குள்ளிருந்தே எதிர்ப்பு வந்தது, வாதம் நடந்தது. அது அவர்கள் வீட்டுக்குள் நடந்த பேச்சு. அரசு சட்டத்தோடு வந்து நிற்பது வேறு.

சரி, பிரான்ஸுக்கு வருவோம். அங்கே 2004 சட்டம் அரசுப் பள்ளிகளில் வெளிப்படையான மத அடையாளங்களைத் தடுத்தது. முகத்தை மூடுவதற்கான தடை 2010-இல் வந்த தனிச் சட்டம், பொது இடங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துவது. அதில் முகத்தை மூடிய பெண்ணுக்கு 150 யூரோ வரை அபராதம். அவளை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தியவருக்கு ஓராண்டு சிறையும் 30,000 யூரோ அபராதமும். அவள் பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இரண்டுமே இரட்டிப்பு. குற்றவாளி யார் என்று சட்டத்துக்குத் தெரிந்திருக்கிறது, பாருங்கள். ஆனால் அவனைப் பிடிக்க அந்தப் பெண்ணே தன் அப்பாவுக்கோ கணவனுக்கோ எதிராக வாய் திறக்க வேண்டும். தெருவில் நடந்து போகிறவளைப் பிடிக்க ஒரு போலீஸ்காரர் போதும்.

பள்ளி வாசலில் இது இன்னும் மோசம். அங்கே அபராதம் பணமாக இல்லை, படிப்பாகப் போகிறது. விரும்பி அணிகிற பெண்ணும் திரும்பிப் போகிறாள், வீட்டுக்குப் பயந்து அணிகிற பெண்ணும் திரும்பிப் போகிறாள். இரண்டாமவளை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அவளுக்கு வேறொரு குரல் கேட்கக்கூடிய ஒரே இடம் உங்கள் வகுப்பு. அதையும் மூடிவிட்டு எந்த விடுதலையை அவளுக்குக் கொடுக்கப் போகிறோம்? கட்டாயப்படுத்திய அப்பாவுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. பெண்ணை வீட்டில் வைக்க அவருக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

உடுப்பி மாணவிகளின் வழக்கில், 2022 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றம் வகுப்பறை ஹிஜாப் தடையை ஏற்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இருவேறாகத் தீர்ப்பு சொன்னார்கள். நீதிபதி ஹேமந்த் குப்தா தடை செல்லும் என்றார். நீதிபதி சுதான்ஷு தூலியா, ஹிஜாப் அணிந்தாள் என்பதற்காக ஒரு பெண்ணுக்குக் கல்வியை மறுத்தால் அவள் வாழ்க்கை மேம்படுமா என்ற பொருளில் கேட்டார். ஹிஜாபுக்குக் கேட்ட அந்தக் கேள்வி நிகாபுக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

நாளைக்கு நிகாபோடு ஒரு மாணவி வந்தால் முதலில் உள்ளே விடுங்கள். அப்புறம், ஏன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று எனக்கு எழுதியதை அவளிடமே சொல்லுங்கள். ஆசிரியை நீங்கள் என்பதால் அவள் திறக்கவும் கூடும். தேர்வு அறையில் ஆளை அடையாளம் பார்க்கத் தனியறையும் ஒரு பெண் ஆசிரியரும் போதும். அவள் மறுத்தாலும் வருகைப் பதிவேட்டில் பெயரை அடிக்காதீர்கள். மறுநாளும் அவளிடம் பேச வேண்டியிருக்கிறது.