மலை இறங்கும் காருக்குத் துளை போட்ட டிஸ்க் தேவையா?

கேள்வி: கோவையில் இருக்கிறேன். 2018 மாடல் பெட்ரோல் ஸ்விஃப்ட், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. அடிக்கடி குடும்பத்தோடு கோத்தகிரி போய்வருவோம். இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. மேட்டுப்பாளையம் வந்து சேரும்போது கருகல் வாடையும் அடிக்கிறது. துளை போட்டு, கோடு வெட்டிய பெர்ஃபாமன்ஸ் டிஸ்க் மாட்டினால் சரியாகிவிடும் என்கிறார் உதிரிபாகக் கடைக்காரர். மாட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் பாதியைச் சரியான இடத்தில் செலவழித்தாலே உங்கள் பிரச்சினை தீரும்.

முதலில் கருகல் வாடையைப் பார்ப்போம். நான்கு பேரும் பெட்டி பையும் ஏறினால் உங்கள் கார் ஏறக்குறைய 1,200 கிலோ இருக்கும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 1,400 மீட்டருக்கு மேல் உயரம் குறைகிறது. அந்த இறக்கம் முழுவதையும் பிரேக்கிலேயே சமாளித்தால், 100 கி.மீ. வேகத்திலிருந்து அடியோடு நிறுத்துவதை 35 தடவை செய்ததற்குச் சமமான சூடு உருவாகும். அதில் பெரும்பங்கை முன்சக்கரத்தோடு சுற்றும் இரும்பு வட்டுகளான டிஸ்க்குகள்தான் தாங்க வேண்டும். சூட்டை உள்வாங்குவது டிஸ்க்கின் இரும்பு. துளை போட்டால் அந்த இரும்பு குறைகிறது. நீண்ட இறக்கத்தில் இது நமக்கு எதிரான மாற்றம். போதாததற்கு, திரும்பத் திரும்பச் சூடாகி ஆறும்போது விரிசல் விழத் தொடங்குவது பெரும்பாலும் துளையின் ஓரத்தில்தான். துளை போடும் பழக்கம், சூடானால் வாயு கக்கிய பழைய காலத்து பேடுகளுக்காக (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் கட்டைகள்) வந்தது. இன்றைய பேடுகளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு.

கோடு மட்டும் வெட்டிய டிஸ்க் அவ்வளவு மோசமில்லை. பேடின் மேல்பரப்பைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருக்கும். ஆனால் பேட் சீக்கிரம் தேயும், சத்தமும் வரும். ரேஸ் டிராக்கில் ஓட்டுபவருக்கு அது லாபம். ஆபீசுக்கும் கோத்தகிரிக்கும் போகிறவருக்குச் செலவுதான்.

எந்த டிஸ்க் போட்டாலும் கார் நிற்கும் தூரம் குறைந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருக்கிறது. ஓங்கி மிதித்தால் அது வேலை செய்கிறது என்றால், டயரைப் பூட்டிவிடும் அளவுக்கு பிரேக்கில் ஏற்கெனவே பலம் இருக்கிறது என்று அர்த்தம். அதற்குமேல் தீர்மானிப்பது டயரும் ரோடும்தான்.

சரி, ஸ்டீயரிங் ஏன் நடுங்குகிறது? 'டிஸ்க் பெண்டாகிவிட்டது' என்பார்கள். பெரும்பாலும் அது வளைவதில்லை, கனம் சீராக இல்லாமல் போகிறது. கொதிக்கும் டிஸ்க்கோடு வந்து நின்று, பிரேக்கை அழுத்தியபடியே இருந்தால், பேடின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். டிஸ்க் உட்காரும் ஹப்பில் துரு இருந்தாலோ, வீல் நட்டுகளை ஏற்றத்தாழ்வாக முடுக்கியிருந்தாலோ டிஸ்க் லேசாகச் சாய்ந்து சுற்றும். நாளடைவில் சில இடங்களில் மட்டும் தேயும். மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்கு வித்தியாசம்கூட ஸ்டீயரிங்கில் தெரியும். காரணத்தைக் கவனிக்காமல் விலை உயர்ந்த டிஸ்க்கை மாட்டினால் சில ஆயிரம் கிலோமீட்டரில் அதே நடுக்கம் திரும்பி வரும்.

எனவே மெக்கானிக்கிடம் இப்படிக் கேளுங்கள்: மைக்ரோமீட்டர் வைத்து டிஸ்க்கின் கனத்தைப் பல இடங்களில் அளக்க வேண்டும். குறைந்தபட்சக் கனம் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். அதற்கு மேல் தாராளமாக இருந்தால் லேத்தில் லேசாகக் கடைந்து பயன்படுத்தலாம். அந்த அளவை நெருங்கிவிட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். கம்பெனி டிஸ்க், அல்லது கார் நிறுவனங்களுக்கே சப்ளை செய்பவர்களின் சாதா டிஸ்க் போதும். நடுவில் காற்றோட்ட இடைவெளி உள்ள அதே வகையாக இருக்கட்டும். மாட்டும்முன் ஹப்பின் துருவைச் சுரண்டி எடுத்து, டயல் கேஜ் வைத்து டிஸ்க் சாய்ந்து சுற்றுகிறதா என்று பார்த்து, வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் (முடுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) முடுக்க வேண்டும். பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பரின் பின்கள் தடையில்லாமல் நகர்கின்றனவா என்றும் பாருங்கள். சிக்கிக்கொண்ட காலிப்பராலும் வாடை வரும்.

அப்புறம் பிரேக் ஆயில். மலைக்குப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 3 என்ற தரத்தில் வரும் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறியபின் 140 வரை இறங்கலாம். டாட் 4-க்கு அது 230, 155. கொதித்தால் ஆவி உண்டாகி, மிதிக்க மிதிக்க பெடல் உள்ளே போகும், கார் நிற்காது. பெடல் கல் மாதிரி இருந்தும் வேகம் குறையவில்லை என்றால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கிறது. இரண்டில் எது வந்தாலும் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். டாட் 3 கேட்கும் காருக்கு டாட் 4 ஊற்றலாம்; சிலிக்கோன் வகையான டாட் 5 மட்டும் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கொண்டை ஊசி வளைவுக்கு முன் அழுத்தமாக ஒருமுறை பிடித்து வேகத்தைக் குறைத்து விட்டுவிடுங்கள். வழியெல்லாம் காலை லேசாக வைத்துக்கொண்டே வந்தால்தான் பெரும்பாலும் அந்த வாடை வருகிறது.

புது டிஸ்க்கும் பேடும் போட்டதும் நேராக மலைக்குப் போகாதீர்கள். காலியான ரோட்டில் 60-லிருந்து 10 கி.மீ. வேகத்துக்கு, முழுதாக நிறுத்தாமல், பத்துத் தடவை மிதமாகப் பிடியுங்கள். பிறகு பிரேக்கைத் தொடாமல் சில நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள்.