டிபிஏ (டேட்டாபேஸ் நிர்வாகி) வேலை இனி இருக்குமா? ஓர் அம்மாவின் கேள்வி

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு வணக்கம்.

கருப்பூரில் மூன்றாம் ஆண்டு படிக்கிற உங்கள் பையன் டேட்டாபேஸ் பக்கம் போகிறேன் என்கிறான், சொந்தக்காரர்களோ "கிளவுட் வந்தாச்சு, அந்த வேலையெல்லாம் போச்சு" என்கிறார்கள். சரி, அதில் பாதி உண்மைதான். இன்ஸ்டால், பேக்கப், பேட்ச் எல்லாம் பெரும்பாலும் தானாகவே நடக்கிறது. அதை மட்டும் சொல்லிக்கொடுக்கிற கோர்ஸுக்குப் பணம் கட்டாதீர்கள்.

ஆனால் டேட்டாபேஸ் திடீரென்று திணறினால், ஏன் என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். தம்பி அதற்குப் படிக்கட்டும், லாட்ச்சிலிருந்து தொடங்கட்டும். மெமரியில் ஒரே இடத்தைப் பலர் ஒரே நேரத்தில் தொட்டால் குழம்பிவிடும். அதனால் தொடுகிறவர் ஒரு கணம் பிடித்துக்கொள்வார், அந்தப் பிடிதான் லாட்ச். லீ பஜார் மண்டியில் ஒரே தராசு இருந்தால் எப்படி? டோக்கன் கிடையாது, காலியானதும் முந்துகிறவருக்கு. லாக் வேறு, அது தகவலையே பூட்டுவது: அதில் வரிசை உண்டு, டிரான்சாக்‌ஷன் (ஒரே தொகுப்பாக முடியவேண்டிய மாற்றங்கள்) முடியும்வரை விடாது. இன்டர்வியூவில் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

லாட்ச்சுக்குக் காத்திருக்கும் ப்ராசஸ் உடனே தூங்காது. கிடைத்ததா, கிடைத்ததா என்று சுற்றிக்கொண்டே இருக்கும். வேலை நகராது, சிபியு மட்டும் எகிறும். உடனே பெரிய சர்வர் வாங்கலாம் என்பார்கள். பார்த்தால், பைண்ட் வேரியபிள் (மதிப்புக்காக விடுகிற காலியிடம்) இல்லாமல், மதிப்பை நேரடியாகப் போட்டு எழுதிய எஸ்க்யூஎல் கட்டளை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பார்ஸ் ஆகி, அதாவது முதலிலிருந்து அலசப்பட்டு, ஷேர்டு பூல் என்ற பொது மெமரியின் லாட்ச்சில் முட்டிக்கொண்டிருக்கும். இதைச் சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் சம்பளம்.

ஆரக்கிள் என்ற டேட்டாபேஸில் இதைப் பிடிக்க 10046 என்ற டயக்னாஸ்டிக் ஈவன்ட் (கோளாறு கண்டறியும் அமைப்பு) உண்டு. லெவல் 8 போட்டால், எதற்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று ட்ரேஸ் ஃபைல் என்ற பதிவுக் கோப்பில் எழுதும். 12 என்றால் பைண்ட் மதிப்புகளும் சேரும். கம்பெனி சர்வரில் போட்டுவிட்டு அணைக்க மறந்தால் டிஸ்க் நிரம்பிவிடும், அது வேறு தலைவலி.

வீட்டு லேப்டாப்பே போதும். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் இலவசம், கூடவே அதற்குச் சுமை கொடுத்துச் சோதிக்கும் பிஜிபெஞ்ச் வரும். அதில் 50 கனெக்‌ஷன் ஓடவிட்டு, யார் என்ன செய்கிறார் என்று காட்டும் பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் வெயிட்_ஈவன்ட்_டைப் என்ற பத்தியைப் (column) பார்க்கட்டும். 'லாக்' வகையும் வரும், லாட்ச்சுக்கு இணையான 'எல்டபிள்யூலாக்'கும் வரும். எது, ஏன் வந்தது என்று இரண்டு பக்கம் எழுதி ரெஸ்யூமேயோடு வைக்கட்டும்.

ஒன்று மட்டும். முதல் வேலை அநேகமாகச் சென்னையிலோ பெங்களூரிலோதான் கிடைக்கும், நைட் ஷிஃப்டும் இருக்கும். இப்போதே வீட்டில் பேசிவிடுங்கள்.