கை கால் அசைகிறது, எச்சில் இறங்கவில்லை

விழுங்கும் பயிற்சியும் பேச்சுப் பயிற்சியும் கொடுப்பது என் வேலை. வாலன்பர்க் வகைப் பக்கவாதம் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கான பதில்கள் இவை.

கேள்வி: அப்பாவுக்குக் கை கால் நன்றாக அசைகிறது. ஆனால் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் நாள் முழுக்கத் துண்டில் துப்புகிறார். இதுவும் பக்கவாதமா?

பதில்: ஆமாம் அம்மா. மூளைத்தண்டின் அடியில் இருக்கும் முகுளத்தின் பக்கவாட்டில் ரத்த ஓட்டம் நின்றால் இப்படி ஆகும். ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வாலன்பர்க் 1895இல் இதை விவரித்தார். கை கால்களுக்கான நரம்புப் பாதை முகுளத்தின் முன்பக்கம் போவதால் தப்பிவிடுகிறது. விழுங்கவும் குரலெழுப்பவும் வேண்டிய நரம்புகள்தான் அடிபடுகின்றன. தலைசுற்றலும் ஓயாத விக்கலும் வரலாம். உடம்பின் ஒரு பக்கம் சூடு தெரியாது, அதனால் குளிக்கும் வெந்நீரை நீங்களே தொட்டுப் பார்த்துக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்தேன், புரையேறவில்லை. இனி கொடுக்கலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். தொண்டையில் உணர்வு மங்கியிருந்தால், தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கினாலும் இருமல் வராது. சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குப் போய் நிமோனியாவில் முடியும். நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற மருந்து கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாகச் சின்ன கேமரா விட்டுப் பார்ப்பார்கள். அதுவரை மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய்தான் பாதுகாப்பு. இன்னொன்று: கெட்டியாகக் கரைத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்வார்கள். இந்த நோயில் உணவுக்குழாயின் மேல்வாயே சரியாகத் திறக்காமல் போகலாம். அப்போது கெட்டிக் கூழ் தொண்டையிலேயே தேங்கி நிற்கும். எந்தப் பதம் என்பதைப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

கேள்வி: தலையைத் திருப்பி விழுங்கச் சொன்னார்கள். எந்தப் பக்கம்?

பதில்: பலவீனமான பக்கம். அப்படித் திருப்பினால் அந்தப் பக்கத் தொண்டை அடைபட்டு, உணவு நல்ல பக்கமாக இறங்கும். பலர் மாற்றித் திருப்பிவிடுகிறார்கள். உங்கள் பயிற்சியாளரிடம் கேட்டு, சீட்டில் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவையுங்கள்.

கேள்வி: கணவர் பேசுவது குளறலாக, காற்று மட்டும் வருகிற மாதிரி இருக்கிறது. புத்தி பாதித்துவிட்டதா?

பதில்: இல்லை அம்மா. ஒரு குரல் நாண் அசையாததால் காற்று ஒழுகுகிறது, அவ்வளவுதான். நீங்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். குழந்தையிடம் பேசுவதுபோல் மட்டும் பேசாதீர்கள்.

கேள்வி: குழாயோடு இருப்பவருக்குப் பல் தேய்க்க வேண்டுமா?

பதில்: கட்டாயம், தினமும் இரண்டு வேளை. எச்சிலோடு சேர்ந்து வாய்க்கிருமியும் நுரையீரலுக்கு இறங்கும். நிமிர்ந்து உட்காரவைத்து, பிரஷ்ஷைத் தண்ணீரில் லேசாக நனைத்துத் தேயுங்கள்.