கணவர் மொபைலில் ரம்மி ஆடிப் பணம் விடுகிறார். குழந்தைக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதுமா?

குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். இல்லையென்றால் இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள் என்பது என் ஊகம்.

எங்கள் அப்பா குமாரபாளையத்தில் தறி ஓட்டினார். சனிக்கிழமை கூலி வாங்கினால் பாதி லாட்டரிக் கடைக்குப் போய்விடும். சிக்கிம், நாகாலாந்து, பூட்டான் எல்லாம் எனக்குச் சீட்டில்தான் அறிமுகம். விழாத சீட்டின் பின்பக்கத்தில்தான் தம்பி கணக்குப் போட்டுப் பார்ப்பான். யாரும் எங்களிடம் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் மாலைப் பேப்பரில் லாட்டரி ரிசல்ட் பார்த்துவிட்டு அவர் அதை மடித்து வைக்கிற விதத்திலேயே, இன்று ஃபீஸ் பற்றிப் பேசலாமா கூடாதா என்று எங்களுக்குப் புரிந்துவிடும். நான் கேட்டதால்தான் அவருக்குக் கோபம் வந்தது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா ஒருநாள் எங்களை உட்காரவைத்து நேராகவே சொன்னார்: “அப்பா சீட்டுல காசை விட்டுட்டாரு. இந்த மாசம் ஃபீஸ் லேட்டாகும். நான் வந்து டீச்சர்கிட்ட பேசிக்கிறேன். உங்க மேல ஒரு தப்பும் இல்ல.” எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். அவருக்கு எப்படித் தோன்றியதோ! அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

2017இல் வந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு, சூதாட்டத்தில் ஆழமாகச் சிக்கிய ஒருவரால் சராசரியாக இன்னும் 6 பேர் பாதிக்கப்படுகிறார்கள் என்றது. எங்கள் வீட்டில் பாட்டியையும் அத்தையையும் சேர்த்தால் கணக்கு கிட்டத்தட்ட சரியாக வரும். பெரியப்பாவைச் சேர்க்க மாட்டேன், அவர் லாபம் பார்த்தவர். தாத்தா வீட்டைப் பிரிக்கும்போது “தம்பிக்குக் கொடுத்தா சீட்டுக்குத்தான் போகும்” என்று எங்கள் பங்கையும் தன் பெயரில் எழுதிக்கொண்டார். அம்மா பெயரில் எழுதியிருக்கலாமே? கேட்க ஆளில்லை. இப்போது அங்கே காம்ப்ளக்ஸ், வாடகை அவர் மகனுக்கு. சரி, அது வேறு கதை.

“கேரளத்தில் லாட்டரிப் பணத்தில் காருண்யா திட்டம் நடத்தி ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தார்களே” என்று யாராவது கமெண்டில் வருவார்கள். பார்க்கட்டும், நல்லதுதான். நான் எங்கள் வீட்டைப் பற்றி மட்டும்தான் சொல்கிறேன். 2003 ஜனவரியில் ஜெயலலிதா லாட்டரியைத் தடை செய்த பிறகு அப்பா கொஞ்ச நாள் கள்ளத்தனமாக மூன்று நம்பர் லாட்டரி எழுதினார். ஆனால் தேடி அலைய வேண்டியிருந்ததால் மெல்லக் குறைந்தது. உங்கள் கணவருக்கு அந்த அலைச்சல் கிடையாது, கடை சட்டைப் பையிலேயே இருக்கிறது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு எதிராக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டமே நிறைவேற்றியாயிற்று. அதற்குப் பிறகும் ஆடுகிறார் என்றால் ஏதோ திருட்டு ஆப்பாகத்தான் இருக்கும். பணம் போனால் யாரிடம் போய்க் கேட்பது?

குழந்தையிடம் அதன் வயதுக்குத் தக்கபடி சொல்லிவிடுங்கள், அப்பாவைத் திட்டாமல். 14416க்குப் போன் செய்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மைய ஆலோசகரிடம் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் கணவர் பேச மறுத்தாலும் நீங்கள் பேசுங்கள். கடனை அடைக்கிறேன் என்று உங்கள் நகையை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். என் அம்மா தோட்டைக் கொடுத்தார், அது திரும்பி வரவே இல்லை.